ஆறு மணிக்குள் வராவிட்டால்

ஆகஸ்ட் மாதத்திலேயே வெர்ன் கிட்டல்சன் சமையலறை மேசைமேல் வரைபடத்தை விரித்துவிட்டான். மலைக்குப் போகப்போவது நவம்பர் கடைசியில், பனி முழங்கால் அளவு விழுந்த பிறகு. அதுவரை அந்த வரைபடம் மடிக்கப்படவே இல்லை. மேசையின் ஒரு மூலையில் தட்டை வைத்துக்கொண்டு, வரைபடத்தின் ஆல்டர் ஓடைமேல் சூப் சிந்தாமல் மூன்று மாதம் சாப்பிட்டான். 'இதை எடுத்து வையேன்' என்று அதட்ட வீட்டில் ஆள் கிடையாது.

மகள் ரோனிக்குப் பதினொரு வயது. மூன்று வருடத்துக்கு முன்பு அவள் அம்மா காரின் அவளை அழைத்துக்கொண்டு கணவாய்க்கு அந்தப் பக்கம், நாலு மணி நேரப் பயணத்தில் இருக்கும் நகரத்துக்குப் போய்விட்டாள். குடி, அடிதடி, வேறொருத்தி என்று எதுவும் இல்லை. "உன்னோட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கு, வெர்ன். தனியாவே இருந்தா வெறகாவது மிச்சம்" என்றாள். அப்போது அவன் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் கதையே வேறு. அவன் கொல்லைப்பக்கம் போய் விறகு பிளந்தான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளோடு தொலைபேசியில் பேச்சு. பேச்சு என்றா சொன்னேன்? ஸ்கூல் எப்படி, நல்லாருக்கு, சாப்டியா, சாப்ட்டேன், சரி வைக்கறேன். மூன்று நிமிடம் தாண்டாது. போன வசந்தத்தில்தான் அவள் திடீரென்று, "அப்பா, துப்பாக்கி வகுப்புல சேர்ந்திருக்கேன். பாஸ் பண்ணிட்டா இந்த வருஷம் என்னையும் மானுக்குக் கூட்டிட்டுப் போவியா?" என்று கேட்டாள். ஜூலையில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு வாங்கினாள். தவறவிட்ட இரண்டு கேள்வி எவை என்றுகூட அவனுக்கு மனப்பாடம்.

திட்டம் போட ஆரம்பித்தான். தான் நாலு மைல் நடக்கும் இடத்தில் அவளுக்கு இரண்டு மைல். கூடாரம் ஓடைக்கு மேலே, காய்ந்த மரம் நிறைய நிற்கும் சமதளத்தில். அடுப்பு பழுது பார்ப்பதும் புகைக்குழாய் சுத்தம் செய்வதும் அவன் தொழில். கூடாரத்துக்குள் வைக்கிற தகர அடுப்பைச் சின்னதாக, அவளே விறகு போடும் உயரத்தில் செய்தான். அவளுக்கு வாங்கிய தூக்கப் பையில் அக்டோபர் உறைபனியில் முற்றத்தில் படுத்துப் பார்த்தான். பை அவன் மார்போடு நின்றுவிட்டது. மார்புக்குக் கீழே கதகதப்பாகத்தான் இருந்தது என்று பட்டியலில் குறித்துக்கொண்டான். அதே பட்டியலில் இன்னொரு வரி: 'அழுதால் உடனே திரும்ப வேண்டும். அழாமல் பேசாமல் இருந்தாலும் உடனே திரும்ப வேண்டும்.' தன் மகள்தானே, தெரியாதா.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு ஒரு மணி நேரமாக வளர்ந்தது.

"சாக்ஸ் எத்தன ஜோடிப்பா?"

"நாலு."

"மூணு நாளுக்கு மூணுதானே?"

"ஓடையில விழுந்தா?"

"நான் எதுக்கு விழப்போறேன்?"

"நீ விழமாட்ட. நான் விழுவேன். உன்னோடத வாங்கிப் போட்டுக்குவேன்."

"உன் கட்டைவிரல் மட்டும்தான் உள்ள போகும்." பிறகு, "அப்பா, சுட்ட உடனே மான் செத்துடுமா?" என்றாள்.

"நல்லா சுட்டா."

"நல்லா சுடலன்னா?"

"அதுக்குத்தான் கிட்டப் போறோம். நூறு கெஜத்துக்கு அந்தப் பக்கம் நின்னா சுட மாட்டோம்."

"கிட்ட விடவே இல்லன்னா?"

"சாக்லேட்ட சூடா கலக்கிக் குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடுவோம்."

அவன் நாற்பத்து நாலு வருட வாழ்க்கையில் இவ்வளவு பேசியதே இல்லை. மான் கிடைத்தால் கிடைக்கட்டும், கிடைக்காவிட்டால் போகட்டும். இந்த மூன்று நாள் நல்லபடியாக முடிந்தால் இவள் அடுத்த வருடமும் வருவாள், அதற்கடுத்த வருடமும் வருவாள் என்று உள்ளுக்குள் ஓடியது. அதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை இல்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு காரின், மகளிடமிருந்து தொலைபேசியை வாங்கினாள். "நான் வேண்டாம்னு சொல்லல வெர்ன். ஒரே ஒரு நிபந்தனைதான். தாளை யார்கிட்ட குடுக்கப்போற?"

குளிர்காலத்தில் மலைக்குள் போகிறவர்கள் எல்லோரும் ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். வண்டி எங்கே நிற்கும், எந்த ஓடை வழியாக ஏறுகிறோம், கூடாரம் எங்கே, எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியே வருவோம். அதற்குள் வராவிட்டால் ஷெரீஃபைக் கூப்பிடவும். இதற்கென்று படிவமெல்லாம் இல்லை. ஏதாவது காகிதத்தின் பின்பக்கம் போதும். வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள்தான் வேண்டும். பன்னிரண்டு வருடம் காரின் அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினாள்.

"உனக்கே ஒண்ணு குடுக்கறேன்" என்றான்.

"எனக்கும் குடு. ஆனா பனி விழுந்து கணவாய மூடிட்டாங்கன்னா நான் இங்க ஜன்னல்ல நிக்க வேண்டியதுதான். அங்கயே ஒரு ஆள் வேணும். உன் வண்டியும் அந்த ரோடும் தெரிஞ்ச ஆள். ஆறு மணின்னா ஆறு மணிக்கு எழுந்து போய்ப் பாக்கற ஆள். இப்பல்லாம் யார்கிட்ட குடுத்துட்டுப் போற?"

"இருக்காங்க."

"யாரு?"

"இருக்காங்க காரின். பேர சொல்றேன்."

இருந்தது ஃப்ரிட்ஜ்தான். காரின் போன பிறகும் வெர்ன் வருடம் தவறாமல் தாள் எழுதினான். எழுதி, அதே காந்தத்தை வைத்து அதே கதவில் ஒட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான். ஒட்டியாயிற்று என்றால் முறை தீர்ந்தது. பூட்டிய வீட்டுக்குள் அதை எலி படித்தால்தான் உண்டு என்று அந்த மனிதனுக்குத் தோன்றவே இல்லை.

ஊரில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. பாதி வீட்டுப் புகைக்குழாய் அவன் கைப்பட்டதுதான். 'காப்பி குடிச்சுட்டுப் போயேன்' என்பார்கள்; 'பூட்ஸெல்லாம் கரி' என்று வாசலோடு திரும்பிவிடுவான். அவன் ஒரு வாரம் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. எங்காவது அடுப்பு புகைந்தால்தான் தேடுவார்கள்.

ஹார்டுவேர் கடை லைலிடம் முதலில் போனான். "நன்றித் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு சாயங்காலம் ஊர்ல இருப்பியா லைல்?"

"வேட்டைக்குக் கடைசி நாள்யா அது. எவன் ஊர்ல இருப்பான்? என் நாய்கூட இருக்காது. ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

பிறகு அடுத்த தெரு டோலரஸ் ப்ரூயிட். எழுபது தாண்டிய விதவை, வேட்டைக்குப் போகாதவர். தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு கதவைத் தட்டினான்.

"வா வெர்ன். என்ன விஷயம்?"

"புகைக்குழாயப் பாத்துட்டுப் போலாம்னு."

"செப்டம்பர்லதானேப்பா பண்ணின?"

"எதுக்கும் ஒரு தடவ பாத்துடறேன்."

கூரைமேல் ஏறி, சுத்தமாக இருந்த குழாயை மறுபடி தேய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டான். எனக்காக ஆறு மணிக்குக் கடிகாரத்தைப் பாருங்கள் என்று கேட்பது அவனுக்குப் பிச்சை எடுப்பதாகப் பட்டது. ஊரே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிற விஷயம். அவனுக்கு மட்டும் வாயில் வரவில்லை. அன்று மாலை மேசையில் உட்கார்ந்து டோலரஸின் பெயரையும் எண்ணையும் தாளில் எழுதி, அதைக் காரினுக்குப் படித்துக் காட்டினான்.

"டோலரஸா? அப்ப சரி. அவங்க அஞ்சு நிமிஷம் முன்னாடியே கோட்ட மாட்டிட்டு நிப்பாங்க" என்றாள் காரின். அவள் விசாரித்துப் பார்க்கவில்லை. வெர்ன் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை. பொய் சொல்கிற அளவுக்கு அவன் பேசினால்தானே.

புதன்கிழமை மாலை காரின் ரோனியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பினாள். வியாழன் நன்றித் திருநாள், ஊரெல்லாம் உறவு கூடி வான்கோழி விருந்து. இரண்டு பேருக்கு வான்கோழி எதற்கு என்று ஒரு கோழியை வேகவைத்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் கூடம் முழுக்கச் சாமான்களைப் பரப்பினார்கள். அவன் ஒவ்வொன்றாகப் பைக்குள் வைக்க, அவள் பட்டியலில் டிக் அடித்தாள். கூடாரம், அடுப்பு, கோடாலி, இரண்டு ஆரஞ்சுச் சட்டை, பதினெட்டுச் சாக்லேட் பொட்டலம். மறுநாள் விடியலில் கிளம்ப வேண்டும். வெர்ன் சீட்டியடித்தான். அந்த வீட்டில் சீட்டிச் சத்தம் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன.

"தாள் எங்கப்பா?" என்றாள் ரோனி. பிறகு அவளே ஃப்ரிட்ஜில் பார்த்துவிட்டாள். "இன்னும் ப்ரூயிட் அம்மாகிட்ட குடுக்கலயா?"

"குடுக்கணும்."

"நான் குடுத்துட்டு வரேன். வாங்கறவங்க அத நமக்குத் திருப்பிப் படிச்சுக் காட்டணும்னு வகுப்புல சொன்னாங்க. அப்பதான் குடுத்ததா அர்த்தம்."

"அப்புறம் பாத்துக்கலாம் ரோனி."

அவள் அதற்குள் தொப்பியை மாட்டிவிட்டாள். ஒரே வார்த்தையில் அவளை நிறுத்தியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். அவன் ஏற்கெனவே கட்டியிருந்த கூடாரக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். பூட்ஸிலிருந்த பனியைத் தட்டாமல் உள்ளே நின்றாள்.

"கார்ல ஏறிட்டு இருந்தாங்க. மகன் வீட்டுக்குப் போறாங்களாம். திங்கக்கிழமதான் வருவாங்களாம்."

வெர்ன் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"'என்ன தாள் கண்ணு?'ன்னு கேட்டாங்கப்பா."

அவள் ஃப்ரிட்ஜ் அருகே போனாள். புதுத் தாள் இருந்த இடத்தில், காந்தத்துக்கு அடியில், பழைய தாள்கள் மூன்று இருந்தன. அவற்றை எடுத்து மேசைமேல் வரைபடத்தின் மீது வரிசையாக வைத்தாள்.

"இதெல்லாம் என்ன?"

"போன வருஷத்துது. அதுக்கு முந்தின வருஷங்களோடது."

"அப்பல்லாம் யாரோட போன?"

"தனியாத்தான்."

"'ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் வராவிட்டால் கூப்பிடவும்'னு எழுதியிருக்க. யாருப்பா கூப்பிடணும்? ஃப்ரிட்ஜா?"

அவன் சிரிக்கப் போனான். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

"கால் ஒடஞ்சிருந்தா?"

"ஒடயல."

"ஒடஞ்சிருந்தாப்பா?"

மழுப்ப முடியவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழம உனக்குத் தெரிஞ்சிருக்கும். போன் வரலியேன்னு" என்றான்.

ரோனி தொப்பியைக் கழற்றினாள். "நான் வரலப்பா."

"வேற யாரையாவது கேட்டுடலாம்."

"யார?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை. பெயர் சொல்வான் என்று நிஜமாகவே நின்றாள். பென்சில்கூடக் கையில் இருந்தது. அவன் ஊரிலிருந்த வீடுகளை ஒவ்வொன்றாக மனதுக்குள் தட்டிப் பார்த்தான். எல்லா அடுப்புகளும் நினைவுக்கு வந்தன. எந்த வீட்டு வாசலிலும் நின்று இதைக் கேட்கிற தன்னை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அப்படியே கேட்டாலும் பாதிப் பேர் உறவினர் வீட்டிலும் மீதிப் பேர் மலையிலும் இருந்தார்கள்.

"அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள்.

அவனே சொன்னான். அவன் வசவுக்குக் காத்திருந்தான். "கேட்டிருக்கலாமே வெர்ன்" என்று மட்டும் சொன்னாள் காரின். "ஒரு வார்த்த. அவ்வளவுதானே." அதைவிட வசவே மேல்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் பின்னால் தகர டப்பாக்களை அடுக்கிச் சுட்டார்கள். பத்துக்கு ஏழு அடித்தாள். சீட்டு விளையாடினார்கள். சாக்லேட் குடித்தார்கள். நாள் மோசமில்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் கட்டிய கூடாரம் கதவோரம் கிடந்தது. இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்களே தவிர, யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் கணவாய் அடிவாரத்துப் பெட்ரோல் பங்கில் காரின் காத்திருந்தாள். ரோனி பையை அம்மா காரில் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நாளைக்கு மலைக்குப் போவியா?"

"தெரியல."

"போவ. கடைசி நாளாச்சே. எழுது."

டோனட் வாங்கிய காகிதப் பையை அவன் வண்டியின் பானெட்மேல் விரித்துப் பென்சிலைக் கொடுத்தாள். அவன் எழுதினான். ஆல்டர் ஓடை, வடக்குக் கிளை. பச்சை வண்டி சாலை முடிகிற இடத்தில் நிற்கும். தனியாக. ஞாயிறு மாலை ஆறு மணி. அவள் அதை வாங்கி அவனுக்குத் திருப்பிப் படித்தாள். 'தனியாக' என்ற இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு மடித்துக் கோட்டின் உள்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"மத்தியானத்துலேர்ந்தே போன் பக்கத்துல உக்காந்துடுவா" என்றாள் காரின், அவனைப் பாராமல். "அப்படி உக்காந்திருக்கறது என்னன்னு எனக்குத் தெரியும். லேட் பண்ணாத."

ஞாயிறு விடியும்போது அவன் ஓடையோரம் ஏறிக்கொண்டிருந்தான். இரவில் புதுப் பனி விழுந்திருந்தது. அதில் அவன் காலடி மட்டும்தான். மூன்று மாதம் விரலால் தடவிய இடங்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அவள் உட்காருவதற்கென்று குறித்த விழுந்த மரம். இருவரும் தண்ணீர் மொள்ள நினைத்த மடு. கூடாரம் போட நினைத்த சமதளம், சுற்றிலும் காய்ந்த விறகு. தனியாக வந்த மூன்று வருடமும் அவன் தனிமையை உணர்ந்ததில்லை. அது பழகிய பூட்ஸாகிவிட்டிருந்தது. இன்றைக்கு ஒவ்வொரு இடத்திலும் வலித்தது. இவ்வளவு இடத்தையும் ஒரு பொய்யால் கெடுத்துக்கொண்டேனே என்று வாய்விட்டே சொன்னான்.

இரண்டரை மணிக்கு மான் வந்தது. கிடா. பருவ வெறியில் கழுத்து தடித்து, பெண்மானின் தடத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, அறுபது கெஜத்தில் வந்து பக்கவாட்டில் நின்றது. வெர்ன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, அதன் பாதுகாப்புப் பூட்டை விடுவித்துவிட்டான். அப்புறம்தான் நேரம் நினைவுக்கு வந்தது. குடலெடுக்க ஒரு மணி. இழுத்துக்கொண்டு இறங்க நாலு மணி. வண்டிக்குப் போக ஏழரை ஆகிவிடும். வேறு எந்த வருடமாக இருந்தாலும் இந்தக் கணக்கு அவன் தலையில் வந்திருக்காது. ஏழரை என்றால் ஏழரை, பத்து என்றால் பத்து.

பூட்டை மறுபடி போட்டான். "இன்னிக்கு எனக்கு ஆறு மணிக்கு ஒரு வேல இருக்கு" என்று மானிடம் சொன்னான். அது துள்ளி ஓடியது. மானோடு பேசியதற்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஐந்தே கால் மணிக்கு வண்டிக்கு வந்துவிட்டான். இருட்டியிருந்தது. பனிக்காலணியைத் தட்டி, கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டி, ஃப்ளாஸ்கிலிருந்த காப்பியை நிதானமாகக் குடித்தான். ஆறுக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. ஒரு நிமிடம்கூடக் காக்கவைக்காமல் கூப்பிட்டு அசத்திவிடலாம் என்று தொலைபேசியை எடுத்தான்.

சிக்னல் இல்லை. எப்படி இருக்கும்? பாலத்துக்கு வந்தால்தான் சிக்னல். பாலத்துக்குப் பனிச்சாலையில் அரை மணி நேரம். இது அவனுக்குத் தெரியாததா? காரின் இருந்த காலத்தில் அந்த அரை மணியை அவளே கூட்டிக்கொள்வாள், சொல்லாமல். அவள் போன பிறகு எழுதிய தாள்களில் ஆறு மணி என்பது வண்டிக்கு வந்து சேரும் நேரம். வண்டிக்கு வந்த பிறகு கூப்பிட யாரும் இல்லை. ஆகவே வண்டியிலிருந்து பாலம் வரையிலான சாலை எந்தக் கணக்கிலும் இல்லாமலே போய்விட்டது.

வளைவுகளில் வண்டி வழுக்க வழுக்க ஓட்டினான். ஆறு ஆனது. ஆறு ஐந்து ஆனது. பாலம் தெரிந்தபோது ஆறு பதினாறு. பாலத்தின் மறுபக்கத்திலிருந்து சிவப்பும் நீலமுமாக விளக்குச் சுழல ஒரு வண்டி ஏறி வந்தது. அவன் பக்கத்தில் நின்று கண்ணாடி இறங்கியது. ஷெரீஃபின் துணையாள், இளம்பெண்.

"கிட்டல்சன் அண்ணனா?"

"ஆமா."

"பச்ச வண்டி. வடக்குக் கிளை. தனி ஆள். சரியாத்தான் இருக்கு." கையிலிருந்ததைப் பார்த்துச் சொன்னாள். "கடைசி நாள்னு பாலத்துக்குக் கீழ்ப்பக்கம் ரோட்டுலதான் நின்னுட்டு இருந்தேன். சரியா ஆறு மணிக்கு உங்க பொண்ணு ஆபீஸுக்குக் கூப்பிட்டுச்சாம். பதினாறு நிமிஷமா லைன விட்டுப் போக மாட்டேங்குதாம். ஆள் கெடைக்கற வரைக்கும் வைக்க மாட்டேன்னு சொல்லிடுச்சாம். எங்க ஆளு அதுக்கு சமாதானம் சொல்லியே களைச்சுட்டான்."

அவள் வயர்லெஸ் மைக்கை எடுத்து, "ஆள் கெடைச்சாச்சு. நல்லா இருக்காரு" என்றாள். அரை நிமிடம்கூட ஆகவில்லை, வெர்னின் தொலைபேசி அடித்தது. கையுறையோடு எடுக்க முடியாமல் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தான்.

"அப்பா?"

"ம்."

"வெளிய வந்துட்டியா?"

"வந்துட்டேன். அஞ்சே காலுக்கே வண்டிக்கு வந்துட்டேன். பாலம் வரைக்கும் வர்ற நேரத்தத்தான் கணக்குல எடுத்துக்கல."

"ஏன் எடுத்துக்கல? எப்பவும் அதே ரோடுதானே?"

"இதுக்கு முன்னாடி யாருக்கும் போன் பண்ண வேண்டியிருந்ததில்ல, ரோனி" என்றான். சொல்லி முடிக்கும் முன்பே குரல் உடைந்துவிட்டது. துணையாள் பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, மூன்று வருட அழுகையை அழுதான். மறுமுனையில் ரோனி தொலைபேசியை வைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது.

பிறகு அவள் சொன்னாள்: "அடுத்த தடவ ஆறரைன்னு எழுது."

"எழுதறேன்" என்றான்.